ராணித் தேனீ வாங்கிப் பார்த்தேன்: கடல் கடந்து வந்தவை ஆறு, குளுவாங்கில் பிறந்தவை ஆறு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம் சொல்கிறேன். 2024 மார்ச்சில் வெளிநாட்டு ராணி ஆறும், இங்கேயே வளர்க்கும் ஒருவரிடம் ஆறும் வாங்கி, ஒரே தோப்பில், ஒரே மாதிரிப் பெட்டிகளில் விட்டு, பதினாறு மாதம் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டேன். இனி என் காசு உள்ளூர் ராணிக்குத்தான். ஆனால் வெளிநாட்டு ராணி மோசம் என்று எழுதினால் அது பொய். முதல் மூன்று மாதம் அவை முட்டையிட்ட அழகை நானே ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

எங்கள் பெட்டிகள் இருப்பது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் டவுனிலிருந்து இருபது நிமிஷம், அக்காள் வீட்டுத் துரியான் தோப்பு ஓரம். ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் சிறுதோட்டக்காரர்களின் ரப்பர், ரோட்டைத் தாண்டினால் அக்காசியா காடு. அக்காசியாவும் ரப்பரும் தேனீக்குக் கொடுப்பது பூவைவிட இலையில்தான் அதிகம். இலைக்காம்பில் சின்னச் சுரப்பி இருக்கிறது, அதில் இனிப்பு நீர் கசியும். அப்பா முப்பது வருஷம் பால் வெட்டியவர். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் நேரத்தில் மரத்தைச் சுற்றித் தேனீ மொய்ப்பதை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறார், ஏன் என்று மட்டும் தெரியாது. நான் தேனீ வளர்க்க ஆரம்பித்த பிறகு ஒரு தளிரைப் பறித்து, மூன்று இலையும் சேரும் இடத்தைக் காட்டினேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா இது கீழதானே நின்னேன்" என்றார்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நான் எழுதுவது பெரிய தேனீயைப் பற்றி, அதாவது ஏப்பிஸ் மெலிஃபெரா, ஊரில் இத்தாலியத் தேனீ என்று சொல்வது. இந்த வகையே இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, வெளியிலிருந்து வந்ததுதான். அதனால் 'உள்ளூர் ராணி' என்று நான் சொல்வது, தாயும் பாட்டியும் இங்கே மழையையும் வெயிலையும் தேனீயை உறிஞ்சி வாழும் உண்ணியையும் தாண்டிப் பிழைத்து, அந்த வழியில் இங்கேயே பிறந்து, இங்கேயே இணைசேர்ந்த ராணியை. தென்னை மரப் பொந்திலும் பழைய அலமாரியிலும் கூடு கட்டுமே சின்ன நாட்டுத் தேனீ, ஏப்பிஸ் செரானா, அது வேறு இனம். அந்த ராணியை இந்தப் பெட்டியில் விடவே முடியாது, பெட்டியில் இருக்கும் பெரிய தேனீக்கள் அதைக் கொன்றுவிடும். அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

வெளிநாட்டு ராணிக்கு ஓர் ஏஜெண்ட் வழியாகப் பணம் கட்டினேன். ராணி ஒன்றுக்கு, வந்து சேரும் செலவெல்லாம் சேர்த்து 190 வெள்ளி. அனுமதிப் பத்திரம், மாக்கிஸ் (தனிமைப்படுத்தல், சோதனைத் துறை) சோதனை எல்லாம் ஏஜெண்ட் பார்த்துக்கொண்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பேப்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது. கூண்டும் நன்றாக இருந்தது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக், ஒரு முனையில் சர்க்கரை அடைப்பு, உள்ளே ராணியோடு ஐந்தாறு தோழித் தேனீ. ராணியின் முதுகில் பச்சைப் புள்ளி. இந்தப் புள்ளிக்கு உலகம் முழுக்க ஒரே கணக்கு: ஆண்டு 1, 6-இல் முடிந்தால் வெள்ளை, 2, 7 என்றால் மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். புள்ளியைப் பார்த்ததுமே வயது தெரிந்துவிடும், பெட்டியைத் திறந்தால் ஆயிரக்கணக்கான தேனீக்கு நடுவே ராணியைக் கண்டுபிடிக்கவும் சுலபம். இதற்காகவே வெளிநாட்டு ராணிக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுப்பேன்.

கெட்டது நடந்தது விமான நிலையத்துக்குப் பிறகு. மத்தியானம் இறங்கிய பார்சல் குளுவாங் வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. வேனில் எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்ததோ தெரியாது, கையில் வாங்கும்போது பெட்டி சுட்டது. ஒரு ராணி செத்திருந்தது. அடுத்த தடவை வரும்போது ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்று சொன்ன ஏஜெண்ட், இன்றுவரை தரவில்லை. ஆனால் செத்த ஒன்றைவிட உயிரோடு வந்த ஐந்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ராணி வாழ்க்கையின் தொடக்கத்தில் சில நாள் மட்டும் வெளியே பறந்து, பத்துப் பன்னிரண்டு ஆண் தேனீ, சில சமயம் இருபதுகூட, அவற்றோடு சேர்ந்து, அந்த விந்தை வயிற்றில் ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொண்டு, அதை வைத்தே வருஷக்கணக்கில் முட்டையிடும். மறுபடி போய் நிரப்பிக்கொள்ள முடியாது. 40 டிகிரி பக்கம் சூடு போனால் அந்தச் சேமிப்பு செத்துப்போகத் தொடங்கும், ரொம்பக் குளிர்ந்தாலும் அப்படித்தான். ராணி வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், சுறுசுறுப்பாக நடக்கும். விஷயம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பெட்டியில் விடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், இதில் அவசரப்படுபவர்கள் நிறைய. பழைய ராணியை எடுத்துவிட்டு ஒரு நாள் விட்டு, தோழித் தேனீக்களை வெளியே விட்டு ராணியை மட்டும் கூண்டில் வைத்து, இரண்டு புழுச்சட்டத்துக்கு, அதாவது புழு வளரும் அடை உள்ள மரச்சட்டத்துக்கு, நடுவே செருகிவிட வேண்டும். மூன்று நாள் கழித்துத் திறந்து, கூண்டின் மேல் இருக்கும் தேனீயை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சுலபமாக நகர்ந்தால் ராணிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது, நல்லது. கூண்டைக் கடித்துக்கொண்டு நகர மறுத்தால் கோபத்தில் இருக்கிறது, இன்னும் விடக்கூடாது, சட்டங்களில் புது ராணி வளர்க்க அவசரத்துக்குக் கட்டிய ராணி அறை ஒன்றுகூட விடாமல் நசுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவ்வளவு பார்த்தும் வெளிநாட்டு ராணி ஒன்றைப் பந்துபோலச் சுற்றிக் கொன்றுவிட்டன. ஆக ஆறில் நான்கு.

அந்த நான்கும் என்ன ராணிகள்! மூன்றாவது வாரம் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மூடிய புழு அறை, நடுவில் ஓட்டையே இல்லை, பலகை மாதிரி. தேனீக்களும் சாது. புகை போடாமலே திறக்கலாம், அக்காள் பையன் ஏழு வயது, பக்கத்தில் நின்று பார்த்தான். ஜூன் கடைசிக்குள் அந்த நான்கு பெட்டியில் 61 கிலோ தேன் எடுத்தோம், பெட்டிக்கு 15 கிலோ. உள்ளூர் ராணிப் பெட்டிகள் ஆறிலும் சேர்த்து 66, பெட்டிக்கு 11. அந்த மாதம் யாராவது கேட்டிருந்தால் வெளிநாட்டு ராணிதான் என்று சத்தியம் செய்திருப்பேன். இணையத்தில் படிக்கிற பாராட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த மாதத்தில் எழுதியவை என்று இப்போது நினைக்கிறேன். வாங்கிய முதல் அறுவடையோடு யாரும் ராணிக்கு மார்க் போடக்கூடாது.

நவம்பர் வந்தது, மழை வந்தது. ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாரம் வெயிலே முகம் காட்டாது. வெளியே போக முடியாது, போனாலும் இனிப்பு நீரை மழை கழுவிவிட்டிருக்கும். உள்ளூர் ராணிகள் பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டையிடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டன. முதலில் ராணி போய்விட்டதோ என்று பயந்து பெட்டி பெட்டியாகத் தேடினேன், எல்லாம் உள்ளே இருந்தன, வயிறு ஒடுங்கி அமைதியாக. வெளிநாட்டு ராணிகளுக்கு அது தெரியவில்லை. மழையில் நனைந்த பெட்டிக்குள் அதே வேகத்தில் முட்டை, அதே அளவு புழு. புழு இருந்தால் பணித் தேனீ ஊட்டித்தானே ஆக வேண்டும், இருந்த தேனையெல்லாம் ஊட்டித் தீர்த்துவிட்டுப் பட்டினியில் நின்றன. சீனி கரைத்து ஊற்றினேன். ஜனவரி வரை நான்கு வெளிநாட்டுப் பெட்டிக்கு 72 கிலோ சீனி, ஆறு உள்ளூர்ப் பெட்டிக்கு 25 கிலோ. அப்போது கிலோ 2 வெள்ளி 85 காசுதான் என்றாலும், வாரம் இரண்டு தடவை மழையில் வாளி தூக்கிக்கொண்டு தோப்புக்கு நடப்பதற்கு யார் விலை போடுவது?

சீனிகூடப் போகட்டும். உண்மையான இழப்பு உண்ணியால் வந்தது, இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் ராணியைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி நம் நாட்டில் முக்கால்வாசி உண்ணியைப் பற்றிய கேள்விதான்.

நமக்கு இரண்டு உண்ணி. ஒன்று வர்ரோவா, எல்லோருக்கும் தெரிந்தது, சிவப்பு கலந்த பழுப்பு நிறம், நண்டு மாதிரி அகலமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று ட்ரோப்பிலேலாப்ஸ். அதைவிடச் சின்னது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒல்லி, சட்டத்தின் மேல் கடகடவென்று ஓடும். அது முதலில் மலைத்தேனீயின் உண்ணி, துவாலாங் மரத்தில் பெரிய பெரிய அடையாகத் தொங்குமே, அந்தத் தேனீ. மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் அடையை விட்டுவிட்டு இடம் மாறிப் போய்விடும், அதனால் உண்ணி அதை ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. நம் பெட்டித் தேனீ எங்கேயும் போவதில்லை. வளர்ந்த தேனீயின் உடம்பிலிருந்து இந்த உண்ணியால் உணவு எடுக்க முடியாது, புழு இருந்தால்தான் உயிர். புழு இல்லாமல் இரண்டு மூன்று நாள் போனால் செத்துவிடும்.

இப்போது மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். மழையில் முட்டையை நிறுத்திய பெட்டியில் மூன்று வாரத்தில் எல்லாப் புழுவும் தேனீயாகி வெளியே வந்துவிட, உண்ணிக்குத் தொட்டில் இல்லை. நிறுத்தாத ராணியின் பெட்டியில் மழைக்காலம் முழுக்க விருந்து. நான் கணக்கு வைத்தது வர்ரோவாவுக்கு மட்டும், அரைக் கப் தேனீயை, சுமார் முந்நூறு இருக்கும், மாவுச்சீனியில் உருட்டிச் சலித்து எண்ணுவது. எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது, நிம்மதியாக இருந்துவிட்டேன். ட்ரோப்பிலேலாப்ஸ் தேனீயின் மேல் அதிகம் இருப்பதில்லை என்பதால் சீனி உருட்டலில் விழாது. புழுச்சட்டத்தை வெள்ளைத் தட்டின் மேல் படார் என்று தட்டிப் பார்க்க வேண்டும். டிசம்பரில் தட்டினேன். தட்டு முழுக்க ஓடியது. பெட்டி வாசலில் இறக்கை சுருங்கிய குட்டித் தேனீக்கள் பறக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தன.

வைத்தியம் செய்தேன். ஃபார்மிக் அமிலம் இரண்டு உண்ணிக்கும் கேட்கும், மூடிய அறைக்குள்ளும் போகும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை புதிதில்லை, ரப்பர் பால் உறைய ஊற்றுவோமே, சுக்கா கெத்தா, அதே அமிலம்தான். ஆனால் அந்தப் போத்தலை அப்படியே எடுத்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், தேனீக்கு என்று அளவு போட்டு வருவது வேறு, தோல் வெந்துவிடும், மேலும் 30 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் அமிலம் ஒரேயடியாக ஆவியாகி ராணியையே கொன்றுவிடும். நம் ஊரில் 30-க்குக் கீழ் எத்தனை மத்தியானம் இருக்கிறது? ராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரத்துக்கு மேல் முட்டை இல்லாமல் வைப்பதுதான் பாதுகாப்பான வழி, இரண்டு பெட்டிக்கு அதைச் செய்தேன். ஒன்று பிழைத்தது, மற்றது ஏற்கெனவே ரொம்ப மெலிந்திருந்ததால் பிப்ரவரியில் போய்விட்டது. அதற்கு முன்பே இன்னொரு பெட்டி ஜனவரியில் காலி, அந்துப்பூச்சி வலை கட்டிய சட்டம் மட்டும் மிச்சம். நான்காவது பெட்டியின் கதை வேறு, கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உள்ளூர்க்காரர். அவர் பெயரையும் இடத்தையும் எழுத மாட்டேன், அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியவில்லையாம். முன்னாள் பால்வெட்டுக்காரர், அறுபது தாண்டியவர், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கிடைத்த பணத்தில் நிலம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைக் கற்றவர். முதல் தடவை போனபோது ராணியைக் காட்டுங்கள் அண்ணே என்றேன். அவர் கூண்டை எடுக்கவில்லை, என்னைப் பெட்டி வரிசைக்கு அழைத்துப் போனார். "ராணிய பாத்து என்னம்மா தங்கச்சி தெரியப்போகுது, இவதான் ஒன்னோட ஆறுக்கும் ஆத்தா, இவள பாரு. தாயப் பாத்துதானே பொண்ணு எடுப்போம்" என்று ஒரு பெட்டியைத் திறந்தார். மூன்றாவது மழைக்காலம் பார்த்த கூட்டம். புத்தகம் வைத்திருந்தார், பழைய தோட்டத்துச் செக்ரோல் (ஆள் கணக்கு) புத்தகம் மாதிரி கோடு போட்டு, எந்தப் பெட்டி எந்த மாதம் எவ்வளவு சீனி குடித்தது, எவ்வளவு உண்ணி விழுந்தது, எத்தனை கொட்டு வாங்கினார் என்றுகூட.

அவர் செய்யும் ஒரு சோதனையை என் கண்முன்னே செய்தார். மூடிய புழு அறை ஐம்பதை மெல்லிய ஊசியால் குத்திக் குறி வைத்துத் திரும்ப வைத்துவிட்டு, "நாளைக்கு இதே நேரத்துக்கு வா" என்றார். போனேன். நாற்பத்தெட்டு அறை துடைத்துவிட்ட மாதிரி காலி. செத்த புழுவை மோப்பம் பிடித்து, மூடியைப் பிய்த்து, இழுத்து வெளியே போடும் குணம் அது, அந்தக் குணமுள்ள கூட்டம் உண்ணி ஏறிய புழுவையும் அப்படியே தூக்கிப் போடும். மந்தமான கூட்டத்திலிருந்து அவர் ராணி எடுப்பதே இல்லை. ஆண் தேனீ விஷயத்திலும் அக்கறை. ராணி எங்கே பறந்துபோய் யாரோடு சேரும் என்பது நம் கையில் இல்லையே என்று கேட்டேன். அதனால்தான் நல்ல கூட்டங்களில் ஆண் தேனீ அடையை அதிகம் கட்டவிட்டு, சுற்றுவட்டாரத்தையே தன் ஆண் தேனீயால் நிரப்பி வைக்கிறார். அக்டோபரில் பஞ்சுருட்டான் குருவிகள் வந்துவிட்டால் மார்ச் வரை ராணி எடுப்பதைக் குறைத்துவிடுவார். இணைசேரப் பறக்கும் ராணியை ஒரு குருவி கொத்தினால் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

விலை 70 வெள்ளி. காலையில் அவர் கூட்டிலிருந்து எடுத்ததை ஈரத்துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து, பத்து மணிக்குள் என் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆறும் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

குறையும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. ஆறில் ஒன்று சரியாக இணைசேராத ராணி, போட்ட முட்டையெல்லாம் ஆண் தேனீயாகவே வந்தது, புழு அறை மூடி எல்லாம் தோட்டா முனை மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. அது வளர்ந்த வாரம் விடாத மழை. போன் போட்டேன், ஒரு பேச்சும் இல்லாமல் இரண்டு வாரத்தில் வேறு ராணி கொடுத்தார். ராணிக்குப் புள்ளி வைப்பதில்லை, கேட்டால்தான் வைப்பார், அதுவும் கையில் கிடைக்கிற நிறத்தில். ரசீது கிடையாது. காத்திருக்க வேண்டும், எனக்கு ஏழு வாரம் ஆனது. இன்னொன்று, ஆறில் இரண்டு கூட்டம் கோபக்காரக் கூட்டம், புகையும் முகவலையும் இல்லாமல் பக்கத்தில் போக முடியாது, குழந்தைகள் உள்ள வீட்டு வாசலில் அதை வைக்கச் சொல்ல மாட்டேன். குளவி வந்தால் அந்த இரண்டுதான் முதலில் வாசலில் நிற்கும் என்பதையும் பார்த்தேன், இருந்தாலும் கொட்டு கொட்டுதான்.

இந்த ஜூலையில் எண்ணிப் பார்த்தால் உள்ளூர் ஆறில் ஐந்து உயிரோடு, பலமாக. போன ஒன்று என் கவனக்குறைவு. தாங்கியின் காலில் புல் வளர்ந்து தொட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை, கெரெங்கா எறும்பு (முசுறு) ஏறி ஒரே இரவில் முடித்துவிட்டது. இந்த வருஷ மார்ச் முதல் ஜூன் வரை அந்த ஐந்தில் 70 கிலோ தேன், பெட்டிக்கு 14. பன்னிரண்டு பெட்டியை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஐரோப்பாவில் பெரிய அளவில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2009 முதல் 2012 வரை, சுமார் 600 கூட்டம், 16 வகை ராணி, நாடு நாடாக மாற்றி வைத்து, உண்ணிக்கு மருந்தே போடாமல் விட்டார்கள். அந்தந்த இடத்து ராணியின் கூட்டம், வெளியிலிருந்து கொண்டுவந்த ராணியின் கூட்டத்தைவிட சராசரியாக 83 நாள் அதிகம் பிழைத்தது. அங்கே குளிர், இங்கே மழை. இடத்தைத் தெரிந்த தேனீ இடத்தில் நிற்கிறது.

வெளியிலிருந்து வருவது எல்லாமே ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளுவாங்கில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் செம்பனைத் தோட்டத்தில், ஆண் பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து பெண் பூவுக்கு ஊதிவிடும் வேலை பார்த்தவர், பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்களாம். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து, நம் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் முதலில் விட்டார்கள். அதற்குப் பிறகு ஊதும் வேலையே இல்லாமல் போனது. அந்த வண்டு செம்பனையின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் அந்த மரத்தோடேயே வாழ்ந்தது, வந்த இடத்திலும் அதே மரம், அதே புழுக்கம், அதே மழை. என் பெட்டிக்கு வந்த ராணி அப்படியில்லை. ட்ரோப்பிலேலாப்ஸ் என்ற ஒன்றையே அதன் பத்துத் தலைமுறை பார்த்திருக்காது. ஆஸ்திரேலியாவையே பாருங்கள், வர்ரோவா இல்லாத நாடு என்று பெயர் வாங்கியது, 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில் தென்பட்டது, 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியையே கைவிட்டார்கள். உண்ணியைப் பார்த்திராத தேனீ எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், அந்த ஆரோக்கியம் உண்ணி இல்லாத இடத்தின் ஆரோக்கியம்.

சின்ன நாட்டுத் தேனீயைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வீட்டுத் தேவைக்கு, வருஷத்துக்கு இரண்டு மூன்று போத்தல் போதும் என்பவர்கள் ராணியே வாங்க வேண்டாம். பழைய பெட்டிக்குள் கொஞ்சம் மெழுகு தேய்த்துத் தென்னை நிழலில் வையுங்கள், பருவத்தில் அதுவாக வந்து குடியேறும். வர்ரோவா இந்தத் தேனீயோடு காலங்காலமாக வாழ்ந்த உண்ணி, இதில் ஆண் புழு அறையில்தான் பெருகும், தேனீக்கள் ஒன்றையொன்று சுத்தமும் செய்துகொள்ளும். குளவி வந்தால் பந்தாகச் சூழ்ந்து உடம்புச் சூட்டாலேயே கொன்றுவிடும். தேன் குறைவு, அடிக்கடி தொந்தரவு செய்தால் கூட்டத்தோடு ஓடிவிடும், அவ்வளவுதான் குறை.

பெரிய தேனீ வேண்டும், வியாபாரத்துக்கு என்றால், உள்ளூரில் வளர்ப்பவரைத் தேடுங்கள், ஆனால் உள்ளூர் என்ற வார்த்தைக்காக மட்டும் வாங்காதீர்கள். போன வருஷம் வரவழைத்த வெளிநாட்டு ராணியின் மகளை இந்த வருஷம் 'நம்ம ஊர் ராணி' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். தாய்க் கூட்டம் எத்தனை மழைக்காலம் பார்த்தது, மருந்து எத்தனை தடவை போட்டீர்கள், தட்டில் தட்டிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். சாதுவான கூட்டம் கட்டாயம் வேண்டும், பள்ளிக்கூடத்தில் வைக்கப்போகிறேன் என்பவர்களுக்கு மட்டும் இன்னும் வெளிநாட்டு ராணியைச் சொல்வேன். ஏப்ரலுக்குள் விடுங்கள், மழைக்கு முன் ராணியைக் கூண்டில் அடைத்துப் புழுவுக்கு இடைவெளி கொடுங்கள், 190 வெள்ளியோடு சீனிக் காசையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பெட்டி. அதில் இருந்த பச்சைப் புள்ளி ராணி ஐந்தே மாதத்தில் தளர்ந்துவிட்டது, வேனில் பட்ட சூடுதான் காரணமோ என்னவோ. ஆகஸ்டில் அந்தக் கூட்டமே புது ராணி வளர்த்துக்கொண்டது. அந்த மகள் இங்கே பறந்து, இங்கத்து ஆண் தேனீக்களோடு சேர்ந்து வந்தவள், முதுகில் புள்ளி இல்லாதவள். தாயின் சாதுகுணம் அப்படியே இருக்கிறது, டிசம்பர் மழையில் முட்டையையும் குறைத்துக்கொண்டாள், தட்டில் தட்டியபோது நாலு உண்ணிதான் ஓடியது. போன வாரம் ராணி வளர்க்கும் அந்த அண்ணன் வந்து ஊசியால் குத்திப் பார்த்தார், ஐம்பதில் நாற்பத்தைந்து. தன் புத்தகத்தில் அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார். வரும் சனிக்கிழமை அவள் முட்டையிட்ட சட்டம் ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.